ஐகான் மொழிக்கு விக்கிப்பீடியா கட்டுரை: எங்கே சறுக்குகிறது?

அதிகம் அறியப்படாத நிரல்மொழியைப் பற்றி எழுத உட்காருபவர் முதலில் திறப்பது அந்த மொழியின் சொந்த இணையதளத்தை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. உருவாக்கியவர் சொன்னதை மட்டும் வைத்து எத்தனை பக்கம் எழுதினாலும் குறிப்பிடத்தக்கமைக்குச் (தனிக் கட்டுரை பெறும் தகுதிக்குச்) சான்று ஆகாது. கட்டுரையை நீக்கலாமா என்ற நீக்கல் உரையாடல் வந்தால் வழக்கமாக ஏழு நாள்தான் அவகாசம். அதற்குள் தேடி எடுப்பது கடினம்.

ஐகான் மொழியையே பாருங்கள். ரால்ஃப் கிரிஸ்வோல்ட் அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, 1977-இல் வெளிவந்தது. 1993-இல் நிரல்மொழி வரலாற்று மாநாட்டுக்காக எழுதப்பட்ட கட்டுரை இதன் கதையை விரிவாகச் சொல்கிறது. ஆனால் அதை எழுதியவர்கள் ரால்ஃபும் மேட்ஜ் கிரிஸ்வோல்டும். ஆண்டுக்கும் வடிவமைப்புக் காரணங்களுக்கும் அருமையான சான்று, குறிப்பிடத்தக்கமைக்குச் செல்லாது. பைத்தான் மொழிக்கான முன்மொழிவு ஆவணமான பெப் 255 (2001) வெளியார் எழுதியது, ஆனால் ஐகானைப் போகிறபோக்கில் தொட்டுச் செல்கிறது. கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டியில் தாக்கம் பற்றிய வரிக்கு அது போதும், அதற்கு மேல் தாங்காது. ஆலன் கோரே மொழி, இலக்கியம் போன்ற மானுடப் பண்பியல் துறையினருக்காக 1990-இல் ஐகான் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். கட்டுரைக்குத் தேவைப்படும் தூண் இப்படிப்பட்டதுதான்.

வெறுமனே ‘ஐகான்’ என்று தேடினால் திரையில் இருக்கும் குட்டிப் படங்கள்தான் வந்து குவியும். கிரிஸ்வோல்ட், முன்னோடி மொழியான ஸ்நோபால், ஜெனரேட்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் கூறு) ஆகிய சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்தது, பழகிய மொழியின் கண்ணாடி வழியே விளக்குவது. ‘3 < 5 என்றால் உண்மை என்ற மதிப்பு கிடைக்கும்’ என்று எழுதிவிடுவார்கள். ஐகானில் ஒப்பீடு உண்மை, பொய் எதையும் தருவதில்லை. ஒப்பீடு வெற்றி பெற்றால் வலப்பக்க மதிப்பான 5 கிடைக்கும். தோற்றால் மதிப்பே கிடையாது. தோல்வி வந்தால் நிரல் கோவைக்குள் (expression) இருக்கும் ஜெனரேட்டர் அடுத்த மதிப்பைத் தர, மறுபடி முயலும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் மீதிப் பத்திகள் எல்லாம் வேறு ஏதோ மொழியைப் பற்றியதாகிவிடும்.

செயற்கூறுகளின் முழுப் பட்டியல் வேண்டாம். விக்கிப்பீடியா கையேடு அல்ல. ‘சக்திவாய்ந்த’, ‘எளிமையான’ போன்ற அடைமொழிகளும் வேண்டாம். மொழியை உருவாக்குபவரே நீங்கள் என்றால் கட்டுரையில் கைவைக்காமல், தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, பேச்சுப் பக்கத்தில் மாற்றத்தைக் கோருங்கள்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கினால் தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். விக்கிப்பீடியாவின் உரிமம் கேட்பதும் இதைத்தான்.