கல்லில் மாட்டிய ஜிக்

தரங்கம்பாடிக் கோட்டைப் பக்கம் கல் கொட்டிய கரையில் ஒரே வாரத்தில் மூன்று ஜிக் (கணவாய் பிடிக்கப் போடும், ஊசிகள் வைத்த போலி இரை) போய்விட்டது. எல்லாம் 3.5 அளவு. இரண்டு மீட்டர்கூட ஆழமில்லாத இடம். மீட்டருக்கு மூன்று விநாடியில் இறங்கி நேரே கல்லிடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். நான் கலரைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்தில் தூண்டில் போட்ட அண்ணன் என் பெட்டியைப் பார்த்தார். "கலர் இருக்கட்டும் தம்பி, கனத்தைக் குறைங்க."

மெதுவாக இறங்கும் 'ஷேலோ' வகையில், அதைவிடச் சின்ன 2.5 அளவு வாங்கினேன். மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு விநாடி. எறிந்து எண்ணுவேன், தரை தொடும் முன் கோலை மேல்நோக்கி இரண்டு வெட்டு, அப்புறம் தூண்டில் நரம்பைத் தொய்யவிடாமல் இறங்க விடுவேன். கணவாய் பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் பிடிக்கும். கொத்தல் எதுவும் தெரியாது, ஈரத் துணி மாட்டியதுபோல நரம்பு கனக்கும். ஜிக் ஊசிகளில் எதிர்முள் கிடையாது, தொய்ந்தால் கழன்றுவிடும். முரட்டுத்தனமாக இழுத்தால் கணவாயின் கை மட்டும் பிய்ந்து வரும். சீராகச் சுற்றுங்கள். தண்ணீரிலேயே மையைக் கக்கவிட்டுத் தூக்குங்கள், சட்டை தப்பும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கடலைக் கலக்கிவிடும். கணவாய் கண்ணால் இரை தேடுவது, அந்த மாதங்களில் நான் ஜிக்கை எடுப்பதே இல்லை.