வங்கு சீவாமல் பலகை ஒட்டாதீர்கள்: மாதிரிப் போர்க்கப்பல் கட்டுவோருக்கு

சென்ற மாதம் ஒரு தம்பி, தான் கட்டிக்கொண்டிருக்கும் கப்பலை அட்டைப்பெட்டிக்குள் பழைய வேட்டி சுற்றிக் கொண்டுவந்தார். 1:64 விகிதத்தில் ஒரு ஃபிரிகேட், அதாவது பாய்மரப் போர்க்கப்பல். கப்பலின் முதுகெலும்பான ஏராவும், விலா எலும்புபோல் குறுக்கே நிற்கும் வங்குகளும் நிறுத்தியாகிவிட்டன. இடப்பக்கத்தில் பதினோரு வரிசைப் பலகையும் ஏறிவிட்டது. "எப்படி இருக்கிறது அண்ணா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, கப்பலின் முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கமாகப் பெருவிரலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் வங்குக்கும் மூன்றாம் வங்குக்கும் நடுவில் விரல் இறங்கி ஏறியது. என் முதல் கப்பலில் விரல் இறங்கியதும் இதே இடத்தில்தான்.

அவர் மூன்றாவது ஆள். இந்த இரண்டு ஆண்டுகளில் புதிதாகக் கட்டத் தொடங்கிய மூன்று பேர் இதே பள்ளத்தோடு வந்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பசையைச் சிந்தாதே, கத்தியைக் கூராக வைத்துக்கொள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை ஒரு வாரத்தில் கையே கற்றுக்கொண்டுவிடும். பல மாதம் கழித்துத்தான் தெரியவரும் தவறுகளே எனக்குக் கவலை.

வங்கு சீவாமல் பலகை ஒட்டுவது

கடையில் வாங்கும் பெரும்பாலான மரக்கப்பல் பெட்டிகளில், முதுகெலும்பு போன்ற ஏராவில் பிளைவுட் தட்டுகளைக் குறுக்காகச் செருகி வங்குகளாக நிறுத்துகிறோம். இயந்திரம் அறுத்த தட்டு என்பதால் ஒவ்வொன்றின் விளிம்பும் செங்கோணத்தில் இருக்கும். கப்பலின் நடுப்பகுதியில் இதனால் சிக்கல் இல்லை. அங்கே பலகை நேராகப் போகிறது, விளிம்பில் முழுதாக உட்காருகிறது. அணியத்தை நெருங்க நெருங்கக் கப்பலின் உடல் ஒடுங்குகிறது. பலகை சாய்வாக வளைந்து வருகிறது. செங்கோண விளிம்பின் ஒரு முனையை மட்டும் தொட்டுக்கொண்டு அது நிற்கும். மறுமுனைக்கும் பலகைக்கும் நடுவே தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி. பின்புறத்திலும் இதே கதைதான்.

ஆகவே பலகையைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு வங்கின் விளிம்பையும் பலகை வரும் சாய்வுக்கு ஏற்பச் சீவ வேண்டும். இந்த வேலைக்குப் பெட்டியோடு வரும் குறிப்பேடு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ஒரே வரி. பீரங்கி வண்டிக்குச் சக்கரம் ஒட்ட அரைப் பக்கம் கொடுப்பவர்கள், கப்பலின் வடிவத்தையே முடிவு செய்யும் வேலையை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

அந்த ஒரு வரியை நானும் படித்தேன். உப்புத்தாளால் மேலோட்டமாக நான்கு இழுப்பு இழுத்துவிட்டு, பலகை ஒட்ட உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்கூடாக நிற்பதைக் கப்பலாகப் பார்க்கவேண்டும் என்ற அவசரம். முதல் ஐந்து வரிசை அழகாகத்தான் வந்தது. பசை காய்ந்து, ஊசிகளைப் பிடுங்கி, முழுவதையும் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் மேடும் பள்ளமும் தெரிந்தன. என் பலகையின் தடிப்பு 1.5 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழம் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். பள்ளத்தின் மட்டத்துக்கு மேட்டைத் தேய்த்தால் அங்கே அரை மில்லிமீட்டர் மரம்தான் மிஞ்சும். நான் தேய்த்தேன். மூன்றாம் வங்கின்மேல் பலகை காகிதம்போல் மெலிந்து, பிளைவுட்டின் பழுப்பு விளிம்பு வெளியே தெரிந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். பட்டி பார்த்து மூடினேன். நீர்க்கோட்டுக்குக் கீழே எப்படியும் செப்புத் தகடு வரப்போகிறது, அது மறைத்துவிடும் என்று நம்பினேன். அசல் கப்பல்களில் அடித்த செப்புத் தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:64இல் அது 19 மில்லிமீட்டருக்கு 5.5 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒவ்வொன்றாக நறுக்கி, ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏற ஒட்டிக்கொண்டே போனேன். மாலை நேரத்தில் மேசை விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினேன். மறையும் என்று நினைத்த பள்ளம் பளபளவென்று மின்னியது. சாயம் பூசிய மரத்தில் கண் தவறவிடும் ஒரு சிறு அலையை, செம்பு கண்ணாடிபோல் எடுத்துக் காட்டிவிடும். எட்டு மாத வேலை, வாங்கிய செம்பு, மரம் எல்லாம் போயிற்று. உடலை அறுத்தெடுத்துவிட்டுப் புதிய ஏராவில் தொடங்கினேன்.

சரியாகச் செய்வது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். கப்பலின் நீளத்துக்கு ஒரு மெல்லிய ரீப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் தடிப்பில், முடிச்சு இல்லாத, தானாக வளையக்கூடிய மரம். அதை வங்குகளின்மேல் படியவைத்து, இரு முனையையும் விரலால் பிடித்துப் பாருங்கள். எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் நிற்கிறது என்று தெரியும். ரீப்பரின் உட்பக்கத்தில் வண்ணச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு வைத்தால் இன்னும் நல்லது. உயர்ந்து நிற்கும் முனையில் நிறம் ஒட்டிக்கொள்ளும். அங்கே மட்டும் சீவுங்கள். அகலமான கட்டையில் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வங்குகளின்மேல் படும்படி இழுங்கள். ஒவ்வொரு வங்கையும் தனித்தனியாகத் தேய்த்தால், ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுப்பீர்கள்.

நடுப்பகுதிக்கு முன்னே நிற்கும் வங்குகளில் முன்பக்க முனையைச் சீவ வேண்டும். பின்னே நிற்பவற்றில் பின்பக்க முனையை. நடுப்பகுதியைப் பார்த்திருக்கும் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அந்தக் கோடு கடைசிவரை அழியக்கூடாது. அழிந்தால் கப்பலின் வடிவத்தையே குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். ஓரிடத்தில் கூடுதலாகச் சீவிவிட்டால் பதற வேண்டாம். விளிம்பில் ஒரு மெல்லிய மரப்பட்டையை ஒட்டி மறுபடி சீவலாம். அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை மென்மரக் கட்டையால் அடைத்து, வடிவத்துக்குச் செதுக்கிவிடுங்கள். பலகை மிகக் கூர்மையாக வளையும் இடம் அது. முழுதாகச் சாய்ந்துகொள்ள அங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

முடிந்தது என்று தோன்றியதும் இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கப்பலின் உள்ளே ஒரு சிறிய டார்ச்சைப் படுக்கவைத்து ரீப்பரை வெளியே படியவையுங்கள். வங்குக்கும் ரீப்பருக்கும் நடுவில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் வேலை முடியவில்லை. என் இரண்டாவது கப்பலில் இதற்கு மட்டும் பதினாறு மாலைகள் ஆயின. அதன்பின் பலகை ஒட்டிய வேலை நெய்யில் கத்தி இறங்குவதுபோல் போனது.

கயிற்றின் தடிப்பு

பழைய கப்பல் அட்டவணைகளில் கயிற்றின் அளவைச் சுற்றளவில் கொடுத்திருப்பார்கள், விட்டத்தில் அல்ல. பாய்மரத்தைத் தாங்கும் கயிறு 18 அங்குலம் என்று எழுதியிருந்தால் அதை 3.14ஆல் வகுக்க வேண்டும். விட்டம் 5.7 அங்குலம், 1:64இல் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர். வகுக்காமல் விட்டால் 7 மில்லிமீட்டர் கயிறு கட்டுவீர்கள். ஏறக்குறைய விரல் பருமன் கயிறு தொங்கும் ஃபிரிகேட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உடல் வேலை அவ்வளவு நுட்பமாக இருந்தது, மனம் நொந்துவிட்டது.

பாய்மரத்தை அசையாமல் பிடித்திருக்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கருமை. பாய் கட்டும் குறுக்குக் கட்டையான பருமலை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிறிய நிறம். இரண்டையும் ஒரே கறுப்பு நூலில் கட்டாதீர்கள்.

அசல் கப்பலின் மரத்தையே மாதிரிக்கும் எடுப்பது

நான் கட்டியது 'டிரிங்கோமலி'. திருகோணமலைக்கு அப்பால் 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் பெயரைத் தாங்கிய கப்பல். பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கினார்கள். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. தேக்கில் கட்டிய கப்பலுக்குத் தேக்கில்தானே மாதிரி செய்ய வேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் மரத்தின் ரேகை நம் விகிதத்துக்குச் சுருங்காது. 4 மில்லிமீட்டர் பலகையில் தேக்கின் ரேகை, அசலில் கைவிரல் நுழையும் விரிசல்போல் தெரியும். நுண்ணிய ரேகையுள்ள மரம் தேடுங்கள். மேல்நாட்டில் பேரிமரமும் பாக்ஸ் மரமும் பயன்படுத்துகிறார்கள். நமக்கு வெட்பாலையும் மஞ்சள் கடம்பும் இருக்கின்றன. சென்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் அதே வெட்பாலை. சீவினால் தந்தம்போல் வழவழப்பாக வரும்.

இரண்டு காலங்களைக் கலப்பது

ஒரு போர்க்கப்பல் தன் ஆயுள் முழுவதும் ஒரே தோற்றத்தில் இருந்ததில்லை. டிரிங்கோமலியை 1845இல் பீரங்கிகளைக் குறைத்துக் கொர்வெட் என்ற சிறிய வகைப் போர்க்கப்பலாக மாற்றியபோது அதன் பின்புறத்தையே மாற்றிக் கட்டினார்கள். 1817இன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, இன்று ஹார்ட்டில்பூலில் நிற்கும் கப்பலின் புகைப்படத்தைப் பார்த்துப் பின்புறம் செதுக்கினால், கடலில் என்றுமே மிதக்காத ஒரு கப்பலைக் கட்டியவர் ஆவீர்கள். நாள் ஒன்றை முடிவு செய்யுங்கள். வரைபடம், படம், சாயம் எல்லாவற்றையும் அந்த நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரைபடத்தின் அருமைக்கு இந்தக் கப்பலே சாட்சி. பம்பாய்க்கு முதலில் அனுப்பிய வரைபடம் 'ஜாவா' என்ற கப்பலில் வந்தது. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' ஜாவாவை வீழ்த்தியது. இன்னொரு படி வந்துசேரும்வரை பம்பாயில் காத்திருந்தார்கள். யூகத்தில் கட்டத் தொடங்கவில்லை.

இரும்புக் கப்பல்களிலும் இதே தவறு நடக்கிறது. நம் பேச்சிலேயே கலந்துவிட்ட ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்', முதல் உலகப்போருக்கு முன் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த பழுப்புப் புகைபோக்கிகளுமாக இருந்தது. 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வந்ததே அதனால்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று குண்டு போட்டபோது அது சாம்பல் நிறம். 'சென்னை, 1914' என்று பெயர்ப்பலகை வைத்த வெள்ளை எம்டன்களை இதுவரை இரண்டு பார்த்துவிட்டேன்.

கப்பிகள்

துளையை ஊசியால் சுத்தம் செய்துவிட்டுக் கட்டுங்கள். பருமலில் கட்டிய பிறகு நூல் நுழையாது.

ஈயப் பீரங்கிகள்

ஓக் மரக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அந்த மரத்திலிருந்து வெளிவரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். பித்தளைப் பீரங்கிக்குக் கூடுதல் பணம் கொடுங்கள்.

பசை

நொடியில் ஒட்டும் பசையால் பலகை ஒட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஊசி வேண்டாம், காத்திருக்க வேண்டாம். உண்மைதான். ஆனால் தவறாக ஒட்டிய பலகையை மரம் பிளக்காமல் எடுப்பது மிகக் கடினம். வெள்ளைப் பசையில் அந்த இறுக்கம் கிடையாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டால், அது ரப்பர்போல் இளகிவிடும்.

தம்பியின் நல்ல காலம், அவர் வெள்ளைப் பசைதான் பயன்படுத்தியிருந்தார். அன்று மாலையே என் மேசையில் வைத்து, மழுங்கிய கத்தியை நுழைத்து ஒவ்வொரு வரிசையாக நெம்பினோம். பதினொன்றில் ஒன்பது பலகைகள் முறியாமல் வந்தன. அவற்றை எண் போட்டுத் தட்டையாகக் கட்டிக்கொடுத்தேன். ஒரு ரீப்பரும் நீலச் சுண்ணக்கட்டியும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். முந்தாநாள் இரவு ஒரு படம் அனுப்பியிருந்தார். இருட்டு அறை, கப்பலுக்குள் டார்ச், வெளியே ரீப்பர். இரண்டாம் வங்கில் இன்னும் ஒரு கீற்று வெளிச்சம் கசிகிறது. சீவிக்கொண்டிருக்கிறார்.