பின்னை மாற்றிச் செருகுவதற்கு முன்

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இன் மஞ்சள் (வீடியோ) பின்னை ஆம்பிளிஃபயரிலும் (ஆம்ப்) வெள்ளை (ஒலி) பின்னை டிவியிலும் மாற்றிச் செருகி, படத்தைக் கேட்கவும் ஒலியைப் பார்க்கவும் வைப்பதற்குத் தனிக் கிறுக்கு வேண்டும். காரைக்குடிப் பக்கம் அந்தக் கிறுக்கு உள்ளவர்களுக்காக இது.

பலரும் சறுக்குவது ஓரிடத்தில்தான்: திரையில் அழகாக எதையாவது வரைந்துவிட்டு, அது பாடும் என்று காத்திருப்பது. வருவது வெறும் ‘கொர்’ இரைச்சல். பால் (PAL) டிவி முறைக்கான கமடோர் படத்துக்கு 312 கிடைக்கோடு வீதம் நொடிக்குச் சுமார் 50 படம் அனுப்புகிறது. அதாவது ஏறக்குறைய 15,600 கோடுகள். காதுக்கு ஒரு முழுக் கோடும் ஒரே புள்ளிதான். அதற்குள் இடமிருந்து வலமாக எதை வரைந்தாலும் காதுக்கு எட்டாத வேகம். ஆகவே செங்குத்துப் பட்டை வீண், கிடைப்பட்டைதான் சுரம். திரையோரத்து பார்டரின் நிறத்தை 18 கோடு வெள்ளை, 18 கோடு கறுப்பு என்று மாற்றினால் 440 ஹெர்ட்ஸை ஒட்டி வந்துவிடும். ஒவ்வொரு படத்திலும் பட்டையை முதலிலிருந்து தொடங்கினால் சுரம் 50-இன் மடங்குகளுக்குள் சிக்கிக்கொள்ளும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். திரையை அணைத்துவிடுவதும் அவசியம். இல்லாவிட்டால் எட்டுக் கோட்டுக்கு ஒருமுறை வீடியோ சிப் நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

16 நிறம் இருப்பதால் 16 படி ஒலி கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆம்புக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான். அதில் ஒன்பது படிதான் உண்டு, தொடக்ககால சிப்பில் ஐந்தே.

எதிர்த்திசை, அதாவது ஒலியை டிவியில் பார்ப்பது, இன்னும் முரண்டு பிடிக்கும். புதுக் கோடு தொடங்குவதை அறிய, டிவிக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் சிக்னலில் 4.7 மைக்ரோநொடிப் பள்ளம் ஒன்று வேண்டும். சாதாரணப் பாட்டில் அது ஏது? கமடோரின் ஒலிச் சிப்பான சிட்டின் (SID) வால்யூமைப் புரோகிராமே அந்தக் கணக்கில் ஏற்றி இறக்க வேண்டும். சிட்டின் பழைய வகையான 6581-இல் அது எடுபடும், பிந்தைய 8580-இல் மெலிந்துபோகும். எல்.இ.டி. டிவியில் பார்ப்பது என் கணக்கில் நேர விரயம். சிக்னல் கொஞ்சம் பிசகினாலும் பல டிவிகள் நீலத்திரையைக் காட்டிவிடும். டியூப் டிவியோ கோணலாகவாவது எதையாவது காட்டும்.

ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரை வீடியோ சாக்கெட்டில் கொடுக்காதீர்கள். அது ஒரு வோல்ட்டுக்கானது. படத்தை ஹெட்போனில் கேட்கவும் வேண்டாம். கோட்டு வேகத்துக் கீச்சொலி காதையும் ட்வீட்டரையும் (கீச்சொலிக்கான ஸ்பீக்கர்) படுத்தும். கமடோருக்கும் ஆம்புக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் கொண்ட வடிகட்டி வைத்தால் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் தணிந்துவிடும்.

பழைய வளவு வீடுகளில் எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் பாயிண்ட் இன்னும் இருக்கிறது. அங்கே எழும் மின்சார இரைச்சலும் 50 ஹெர்ட்ஸ், பட இரைச்சலும் கிட்டத்தட்ட 50. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும்போது புரோகிராமில் பிழை தேடிப் பயனில்லை; எர்த் உள்ள பாயிண்டுக்கு மாறுங்கள்.

டியூப் டிவிக்கு முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஏ.வி. சாக்கெட் இல்லாததை வாங்கி, பின்மூடியைத் திறந்து நீங்களே சாக்கெட் வைக்க மட்டும் துணியாதீர்கள். அந்தக் காலத்து டிவிகள் சிலவற்றில் சேஸிஸிலேயே (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் கரண்ட் இருக்கும்.