கால்பந்தில் ஆள் மாற்றுவது எப்படி? ஐந்து பேர், மூன்று வாய்ப்பு

ஐந்து பேரை மாற்றலாம். ஆனால் அதற்காக ஆட்டத்தின் நடுவே மூன்று தடவைதான் குறுக்கிடலாம். அப்படிக் குறுக்கிடும் ஒவ்வொரு தடவையும் ஒரு 'வாய்ப்பு'. முதன்முதலாக அணியை நடத்துகிறவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். கொரோனா காலத்தில், 2020இல், மூன்று பேர் என்றிருந்ததைத் தற்காலிகமாக ஐந்தாக்கினார்கள். 2022இல் அதுவே நிரந்தர விதியானது.

1. பட்டியல் கொடுங்கள்

ஆட்டம் தொடங்கும் முன்பே மாற்று வீரர்களின் பெயர்கள் நடுவர் கையில் இருக்க வேண்டும். அதில் பெயர் இல்லாதவரை இறக்க முடியாது. எத்தனை பெயர் எழுதலாம், எத்தனை பேரை மாற்றலாம் என்பது தொடருக்குத் தொடர் மாறும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இரண்டு கணக்கு வையுங்கள்

ஒரு தாளில் 'ஆள்', 'வாய்ப்பு' என்று இரண்டு பத்தி போடுங்கள். 60ஆவது நிமிடம் இரண்டு பேர், 70இல் ஒருவர், 80இல் ஒருவர் என்று மாற்றினால் நான்கு ஆள், மூன்று வாய்ப்பு. ஐந்தாமவர் பெஞ்சிலேயே உட்கார வேண்டியதுதான். இடைவேளையில் செய்யும் மாற்றம் ஆள் கணக்கில் ஏறும், வாய்ப்புக் கணக்கில் ஏறாது. அதனால் தாக்குப்பிடிப்பாரா என்று சந்தேகமாக இருக்கும் வீரரை இடைவேளையிலேயே மாற்றிவிடுவது லாபம். எதிரணி ஆள் மாற்றும் அதே நேரத்தில் நீங்களும் மாற்றினால், இரு அணிக்கும் ஒவ்வொரு வாய்ப்பு கழியும்.

கணக்குத் தவறினால் என்ன ஆகும்? 2021 ஆகஸ்டில் ஜெர்மன் கோப்பையில் வோல்ஃப்ஸ்பர்க் அணி கூடுதல் நேரத்தில் ஆறாவது ஆளை இறக்கியது. களத்தில் 3-1 என்று ஜெயித்த ஆட்டம், பிறகு 0-2 தோல்வியாக அறிவிக்கப்பட்டது.

3. இறங்குபவரைத் தயார் செய்யுங்கள்

களத்துக்கு வெளியே நிற்கும் நான்காவது நடுவரிடம் வெளியேறுபவர், இறங்குபவர் இருவரின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். இறங்குபவரின் பூட்ஸ் அடிப்பகுதி, ஷின் கார்டு, நகை எல்லாவற்றையும் பார்ப்பார். மோதிரத்தின் மேல் டேப் சுற்றினாலும் விட மாட்டார். கழற்றியே ஆக வேண்டும்.

எண்ணை இரண்டு தடவை சரிபாருங்கள். 2022 ஏப்ரலில் ஃப்ரைபர்க் அணியுடனான ஆட்டத்தில், பயர்ன் மியூனிக்கின் கோமான் வெளியேற வேண்டும். அவர் அணிந்திருந்ததோ 11. ஆள் மாற்றத்தை அறிவிக்கும் பலகையில் காட்டியது அவருடைய பழைய எண் 29. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் அவர் உள்ளேயே நிற்க, சில விநாடிகள் பயர்ன் 12 பேருடன் ஆடியது.

4. மாற்றம் நடக்கும் விதம்

பந்து ஆட்டத்தில் இல்லாதபோது மட்டுமே மாற்றலாம். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் எதுவானாலும் சரி, அது எந்த அணிக்குக் கிடைத்தது என்பது பொருட்டல்ல. வெளியேறுபவர் பக்கத்தில் இருக்கும் கோட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். 2019க்கு முன்பு நடுக்கோடு வரை ஆடி அசைந்து நடந்து நேரத்தைக் கரைப்பார்கள். வெளியேறுபவர் போன பிறகு, நடுவர் சைகை காட்டியதும், புதியவர் நடுக்கோட்டருகே இறங்குவார். அவர் களத்தில் கால் வைத்தால்தான் மாற்றம் முடிந்ததாக அர்த்தம். த்ரோ-இன் எறியப் போகிறவர்கூட முதலில் உள்ளே கால் வைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும்.

வெளியேற வேண்டியவர் 'போக மாட்டேன்' என்றால்? ஆட்டம் அப்படியே தொடரும். 2019 இங்கிலாந்து லீக் கோப்பை இறுதியில் செல்சியின் கோல்கீப்பர் கெபா அப்படித்தான் நின்றுவிட்டார்.

5. தவறுகள்

அனுமதியில்லாமல் இறங்கினால் மஞ்சள் அட்டை. ஆட்டம் தொடங்கிய பிறகு சிவப்பு அட்டை வாங்கியவருக்குப் பதில் ஆள் கிடையாது. கோல்கீப்பரும் களத்தில் உள்ள இன்னொரு வீரரும் இடம் மாற்றிக்கொண்டால் அது ஆள் கணக்கில் வராது. ஆனால் நடுவரிடம் சொல்லாமல் செய்தால் இருவருக்கும் மஞ்சள்.

பெனால்டி ஷூட்அவுட்டுக்காக ஆள் மாற்ற நினைத்தால் கடைசி விசிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதன் பிறகு, ஆட முடியாத நிலையிலுள்ள கோல்கீப்பரை மட்டும், அதுவும் ஆள் கணக்கில் மிச்சம் இருந்தால்தான் மாற்று வீரரைக் கொண்டு மாற்றலாம். 2014 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்து கடைசி மாற்றத்தைச் சேமித்து வைத்து, கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் மாற்று கோல்கீப்பர் டிம் க்ரூலை இறக்கியது. அவர் கோஸ்டா ரிக்காவின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். இதே உத்தியைச் செய்து பார்ப்பதானால் இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஆளை நடுக்கோட்டில் நிறுத்துங்கள். பந்து வெளியே போகாமலேயே விசில் அடித்துவிட்டால் அவர் பெஞ்சுக்குத் திரும்ப வேண்டியதுதான்.