நிறுத்தி வைத்த கேரவனில் புழுக்க வாடை வராமல் காப்பது எப்படி?

ஐந்து மாதங்கள் நிறுத்தியிருந்த கேரவனின் கதவைத் திறந்தபோது ஈரச்சாக்கின் வாடை முகத்தில் அடித்தது. மெத்தையைப் புரட்டினால், அடிப்பலகை முழுவதும் மிளகுத்தூளைத் தூவியது போன்ற கரும்புள்ளிகள்.

நீர்த்தொட்டியையும் குழாய்களையும் வடித்துவிடுவது அனைவரும் அறிந்ததே. அதன்பின் சன்னல் விளிம்புகளிலும் கூரை மூலைகளிலும் ஊசிமுனை ஈரமானியைக் குத்திப் பாருங்கள். மரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் பெரும்பாலும் எங்கோ மழைநீர் கசிகிறது. அதை அடைக்காதவரை மற்ற முயற்சிகள் அனைத்தும் வீண். மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். அலமாரிக் கதவுகளையும் திறந்தே விடுங்கள்.

நான் சறுக்கியது அடுத்த படியில்தான். கூரைச் சாளரத்தைச் சற்றே திறந்துவைத்ததோடு, ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் நான்கையும் உள்ளே வைத்தேன். அவை விரைவிலேயே நிரம்பிவிட்டதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அவை உறிஞ்சியது, இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருந்த வெளிக்காற்றின் ஈரத்தையே என்பது பிறகுதான் புரிந்தது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெளிக்காற்று உலர்ந்திருந்தால் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவைத்தால் போதும்; ஈரமாக இருந்தால் சாளரங்களை மூடிவிட்டு உள்ளே உலர்த்துங்கள். எரிவாயுப் பாதுகாப்புக்காக அமைந்த நிலையான துளைகளை மட்டும் எந்நிலையிலும் அடைக்கக் கூடாது.

மின் இணைப்பு இருந்தால், டப்பாக்களைவிட ஈரநீக்கி இயந்திரத்தையே நான் பரிந்துரைப்பேன். கம்ப்ரசர் வகை குளிரில் திறன் குன்றிவிடும் என்பதால், குளிர்காலத்துக்கு ஈரத்தை உறிஞ்சுபொருளால் இழுக்கும் இயந்திர வகையே நல்லது. டப்பாதான் வழியென்றால், அகன்ற பேசினுக்குள் வையுங்கள். அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் தரை எளிதில் காயாது, இரும்பும் துருப்பிடிக்கும். சமையல் சோடா வாடையைக் குறைக்குமே தவிர ஈரத்தைப் போக்காது. பிளாஸ்டிக் தார்ப்பாயால் வண்டியைப் போர்த்தவே போர்த்தாதீர்கள். அடியில் சிக்கிய ஈரம் வெளியேற வழியிராது.

உள்ளே காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கட்டும். மலிவான ஈரப்பதமானிகள் பொய் சொல்வதுண்டு. ஒரு மூடியில் உப்பைக் குழைவாக நனைத்து, மானியோடு காற்றுப்புகாத பையில் அரைநாள் வையுங்கள். அது 75 காட்ட வேண்டும். எனது மானி 68 காட்டியது; ஆகவே அந்த அளவையொட்டி 7 கூட்டியே படிக்கிறேன்.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் வாடை போகவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவரது கேரவனில் கழுவுதொட்டிக்கடியில் வாடையைத் தடுத்து நிற்கும் வளைகுழாயின் நீர் வற்றி, கழிவுநீர்த் தொட்டியின் காற்று மேலேறியிருந்தது. வடிகால் வாயை ரப்பர் அடைப்பானால் மூடியதும் வாடை நின்றுவிட்டது. குளிர்பதனப் பெட்டியின் கதவையோ, ஒரு துண்டை மடித்து இடையில் செருகி, சற்றே திறந்தபடி விட வேண்டும்.