புதுக் கவுன்சிலருக்கு: முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஜெயித்தாகிவிட்டது, வெடி போட்டாகிவிட்டது, மாமன்றத்தில் உறுதிமொழியும் எடுத்தாகிவிட்டது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாசலில் ஆள் நிற்கும், அதில் ஒரு அக்கா கையில் பாட்டிலில் கலங்கல் தண்ணீரோடு. மதுரையில் வார்டு கவுன்சிலர் வேலை இப்படித்தான் ஆரம்பிக்கும். குடியிருப்போர் சங்கத்துக்குப் பல வருஷம் செயலாளராக இருந்து, மனுவும் கையுமாக மூன்று கவுன்சிலர்கள் வீட்டு வாசலில் நின்றவன் நான். நின்றவன் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை, இருநூறு பக்கத்தில் லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். வாட்ஸப் குரூப் இருக்கிறதே என்பீர்கள். காலையில் அதில் போட்ட புகார் மத்தியானத்துக்குள் குட் மார்னிங் படத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அடியில் போய்விடும். நோட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, சொன்னவர் பெயர், போன் நம்பர், இடம், விஷயம், யாரிடம் சொன்னோம், என்ன ஆச்சு. கடைசிக் கட்டத்தை அகலமாக விடுங்கள், அதில்தான் நிறைய எழுத வேண்டியிருக்கும்.

இடத்தை எழுதும்போது சோம்பல்படாதீர்கள். ‘மூணாவது தெரு சாக்கடை’ என்று எழுதினால் மறுநாள் உங்களுக்கே புரியாது. ‘மூணாவது தெரு, மாவு மில்லுக்கு எதிரே, கிழக்கிலிருந்து ரெண்டாவது மேன்ஹோல், ஞாயிறு ராத்திரியிலிருந்து பொங்குது, போன மாசமும் இதே இடம்’ என்று எழுதுங்கள். இதில் கடைசி நாலு வார்த்தைதான் விலை மதிப்பானது. ஒரே மேன்ஹோல் மூன்று தடவை பொங்கினால், அநேகமாக உள்ளே குழாய் உடைந்தோ இறங்கியோ இருக்கும். நாலாவது தடவையும் அடைப்பெடுக்கிற வண்டியைக் கூப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை, உதவிப் பொறியாளரைக் கூட்டிப்போய்க் காட்டி எஸ்டிமேட் போடச் சொல்ல வேண்டும். இன்னொன்று, வண்டி வரத் தாமதமாகிறது, தெருவே நாறுகிறது என்று ஆளாளுக்குக் கத்துவார்கள், அதற்காக யாரையும் குழிக்குள் இறக்கச் சொல்லிவிடாதீர்கள். 2013-ல் வந்த சட்டப்படி அது குற்றம், விஷவாயுவில் ஆளே போய்விடுவார்.

அடுத்து, எது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் புகார் தப்பான வாசலில்தான் கிடக்கிறது. கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிகிற தெருவிளக்கு மாநகராட்சியுடையது. அதனால் விளக்கு எரியவில்லை என்று ஒருவர் சொன்னால் கம்பத்து நம்பரைக் கேளுங்கள், கூடவே கம்பி தொங்குகிறதா என்றும் கேளுங்கள். கம்பி என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பட்டா தாலுகா ஆபீஸ், ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை. வார்டு வழியாகப் போகிற பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், அதில் குழி விழுந்தால் மாநகராட்சிப் பொறியாளர் கை வைக்க மாட்டார். குப்பை, கொசு என்றால் சுகாதார ஆய்வாளர். அவரை ஆபீஸில் தேடாதீர்கள், விடிகாலையில் தூய்மைப் பணியாளர்களுக்கு மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, எடுக்கிற இடத்தில் போய் நில்லுங்கள். இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், பேட்டரி வண்டி எத்தனை ரிப்பேர் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். சித்திரைத் திருவிழா நாட்களில் ஆட்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், உங்கள் தெருவில் குப்பை தேங்கும். அதை முன்கூட்டியே ஜனங்களிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது கஷ்டமான விஷயம். ‘பாத்துக்கலாம்ணே’ என்கிற வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். சொல்வதற்குச் சுகமான வார்த்தை, கேட்டவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போவார், ஆறு மாதம் கழித்து டீக்கடையில் உங்கள் பெயர் நாறும். ஆகாது என்றால் அன்றைக்கே ஆகாது என்று சொல்லுங்கள், ஏன் ஆகாது, யாரிடம் போனால் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கவுன்சிலர், ‘அண்ணே, இந்த வருஷம் உங்க தெருவுக்கு ரோடு வராது, லிஸ்ட்லயே இல்ல, அடுத்த வருஷம் சேர்க்கச் சொல்லி இன்னிக்கே எழுதித் தரேன்’ என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்குத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். ஆனால் அதற்கப்புறம் அவர் ‘வரும்’ என்று சொன்னதையெல்லாம் நம்பினோம்.

ரோடு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பகுதி 2011-ல், 72 வார்டு 100 வார்டாக ஆனபோது மாநகராட்சியில் சேர்ந்தது. வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஒரு தார் ரோடு வந்தது. ரோலர் வந்த அன்றைக்குப் பெண்கள் வாசலில் கோலம் போட்டார்கள், டிரைவர் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்கு டீ போனது. மூன்றாவது மாதம் குடிநீர்க் குழாய்க்காக நட்டநடுவே வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளி மூடியதோடு சரி, மழையில் அது இறங்கி, என் மச்சினன் ஸ்கூட்டரோடு விழுந்து எழுந்தான். யார்மேல் கோபப்படுவது? ரோடு கேட்டவர்களும் நாங்கள்தான், குழாய் கேட்டவர்களும் நாங்கள்தான்.

அதனால் ரோடு கேட்டு யார் வந்தாலும் முதலில் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது: அந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை முடிந்ததா, குடிநீர்க் குழாய் போட்டாகிவிட்டதா, வீட்டு இணைப்பு எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டதா. மூன்றும் முடிந்தால்தான் தார். பழைய ரோட்டின் மேலேயே இன்னொரு அடுக்குப் போட விடாதீர்கள், வாசல்படி பள்ளமாகி மழைத்தண்ணீர் அடுப்படிக்கு வரும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவு இருக்கிறது, ஒப்பந்ததாரர் தெரியாத மாதிரி இருப்பார், நீங்கள் நினைவுபடுத்துங்கள். ரோடு போடுகிற அன்றைக்கு நேரில் நில்லுங்கள், போட்டோவுக்கு இல்லை.

மழைக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், வாய்க்கால் தூர்வார ஆகஸ்டிலேயே மனுப் போட வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று பதினைந்து நிமிஷத்தில் 4.5 சென்டிமீட்டர் கொட்டி, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போனது நினைவிருக்கும். பந்தல்குடி வாய்க்கால் அந்தத் தண்ணீரைத் தாங்கவில்லை. தெருவில் நிற்கிற தண்ணீருக்குத் தெருவில் மட்டும் காரணம் தேடினால் கிடைக்காது, மேலே கண்மாய், கீழே வைகை, நடுவில் வாய்க்கால் என்று நடந்து பார்க்க வேண்டும். கண்மாய் பெரும்பாலும் நீர்வளத் துறையுடையது, அங்கேயும் ஒரு மனு போகட்டும். அடுத்த மழை விட்ட அரை மணி நேரத்தில் குடையோடு கிளம்பி, எந்தச் சுவரில் எத்தனை செங்கல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று நோட்டில் குறித்து வாருங்கள். மாமன்றத்தில் ‘எங்க வார்டுல தண்ணி நிக்குது’ என்று நூறு பேரும் சொல்வார்கள். நீங்கள் செங்கல் கணக்குச் சொல்லுங்கள்.

மாமன்றத்தில் பேசியதோடு வேலை முடியாது. எஸ்டிமேட், ஒப்புதல், நிதி, டெண்டர், வேலை உத்தரவு என்று ஃபைல் நகர வேண்டும், எதையும் எழுத்தில் கொடுத்து மண்டல அலுவலகத்தில் ஒப்புகை வாங்குங்கள். எதிர்க்கட்சி கவுன்சிலர் என்றால் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பெண் கவுன்சிலர்களுக்குத் தனியாக ஒன்று. பாதி இடம் உங்களுக்குத்தான் ஒதுக்கியிருக்கிறது, ஆனால் பல வீடுகளில் போனை எடுப்பது வீட்டுக்காரர். அவர் உதவி செய்யட்டும், வண்டி ஓட்டட்டும். போனும் நோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும், பொறியாளரிடம் நீங்களே பேசுங்கள். குடத்தைத் தூக்கியவருக்குத்தான் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரியும்.

அப்புறம், ஒரு புகார் முடிந்தது என்று ஆபீஸில் சொன்னால் உடனே நோட்டில் டிக் போட்டுவிடாதீர்கள். முதல் நாள் பாட்டிலோடு வந்த அக்காவுக்கு நீங்களே போன் போட்டு, ‘தண்ணி இப்பத் தெளிவா வருதாக்கா?’ என்று கேளுங்கள். ‘ரெண்டு நாள் நல்லா வந்துச்சு தம்பி, இன்னிக்கு மறுபடி கலங்கலா இருக்கு’ என்பார். சரி என்று சொல்லிவிட்டு, புதுத் தேதி போட்டு அடுத்த வரியில் எழுதுங்கள்.