உடைந்த வீல் ஸ்டட்டும் நாலு வாஷரும்

பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ஒரு நட்டைக் கோணலாக ஏற்றிவிட்டார்கள். அடுத்த முறை கழற்றும்போது என் ஹோண்டா சிட்டியின் பின்சக்கர ஸ்டட் (சக்கர நட் ஏறும் மரைத்தண்டு) ஒடிந்தது.

பிரேக் டிரம்மைக் கழற்றி, மிச்சத் துண்டைச் சுத்தியலால் உள்பக்கம் தட்டினேன். நாலாவது அடியில் விழுந்தது. புது ஸ்டட்டைப் (12 எம்எம் விட்டம், 1.5 எம்எம் மரை இடைவெளி) பின்னாலிருந்து நுழைத்து, அதன் வரிப்பற்களைப் பழைய தடத்தோடு பொருத்தினேன். முன்னால் கிரீஸ் தடவிய நாலு தடித்த வாஷர், அதன்மேல் மூடியில்லாத பழைய நட், தட்டைப் பக்கம் உள்நோக்கி. நல்ல நட்டை இதற்குப் பலியிடாதீர்கள், மரை போய்விடும்.

ஹப் (ஸ்டட்டுகள் பொருந்தியிருக்கும் சக்கர மையம்) சுழலாமலிருக்க இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே கடப்பாரையைக் கொடுத்து, 19 எம்எம் ஸ்பேனரால் இறுக்கினேன். நட் இழுக்க, ஸ்டட் முன்னால் ஊர்ந்து வந்தது. தலை உட்கார்ந்ததும் பிடி சட்டென்று கடினமானது. சரி, போதும் என்று நிறுத்திவிட்டேன். டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன்.